மமோகிராம் அறையில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

படுவான்கரைப் பிள்ளை:
பேராதனையில் றேடியோகிராபி படித்தேன். இப்போது மட்டக்களப்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. மமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வந்து நான்கு மாதம். ஒரு மார்பகத்துக்கு இரண்டு படம், மேலிருந்து ஒன்று, சரிவாக ஒன்று. அது கைக்கு வந்துவிட்டது. வராதது வேறு. படம் திரையில் விழுந்ததும் வந்தவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். போன கிழமை கொக்கட்டிச்சோலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். தோல் மடிந்திருந்ததால் இடது பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். "ஏதும் இருக்கிறதா மகள்?" என்றார். அறிக்கை எழுதுவது கதிரியக்க வைத்திய நிபுணர். நான் என்ன சொல்வது? பேசாமல் நின்றேன். சட்டையைப் போடும்போதே அழத் தொடங்கிவிட்டார்.

கல்முனை அக்கா:
தங்கச்சி, திரும்ப எடுக்கும் நேரத்தில் எதைச் சொன்னாலும் சமாளிப்பாகத்தான் கேட்கும். சட்டையைக் கழற்றும் முன்னரே சொல்லிவிடுங்கள்: "சில வேளை ஐந்தாவது, ஆறாவது படமும் எடுப்பேன். நீங்கள் அசைந்தாலும் எடுப்பேன், தோல் மடிந்தாலும் எடுப்பேன்."

பவுடரையும் அப்போதே கேளுங்கள். எங்கள் வெக்கைக்குப் பவுடர் போடாமல் யார் வருகிறார்கள்? அக்குளில் ஒட்டியிருந்தால், சில வேளை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் கல்சியப் படிவு போல வெண்புள்ளியாக விழும். ஒருமுறை துடைக்க மறந்து, படத்தைப் பார்த்த எனக்கே நெஞ்சு திக்கென்றது. அன்று முதல் ஈரத்துணி ஒன்று பக்கத்திலேயே இருக்கும்.

இன்னொன்று. படம் சுத்தமாகத் தெரிந்தாலும் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். வெளியே வாங்கில் ஐந்து பேர் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான்கு பேருக்குச் சொல்லிவிட்டு ஐந்தாமவரிடம் பேசாமல் நின்றால், அவருக்கு அதுதான் அறிக்கை.

செங்கலடி:
நான் படம் எடுக்கப் போனவள். தட்டு இறுக்கியபோது வலித்தது, பொய் சொல்லவில்லை. அழுத்தினால் திசு பரந்து ஒன்றையொன்று மறைக்காது, கதிரும் குறைவாகப் போதும் என்று படம் எடுத்த பிள்ளை முன்னரே விளங்கப்படுத்தியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கும் ஒரு படம் கூடுதலாக எடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என் தோளில் துணியைப் போர்த்திவிட்டுத்தான் திரைப் பக்கம் போனார்.

படுவான்கரைப் பிள்ளை:
இன்று வந்த முதல் ஆளிடம் முன்னரே சொன்னேன். "ஏழாவதும் உண்டா?" என்று சிரித்தார். நான்கோடு முடிந்தது. ஈரத்துணியை மட்டும் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.