நாற்றிசை ஒலிபெருக்கியில் குரல் மட்டும் கலங்குகிறது

வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றின் 12 அடிக்கு 10 அடி அறையில், நாற்புறமும் ஒலி பரப்பும் பழைய ஒலிபெருக்கிச் சோடி ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். மேல்நோக்கிய கூம்பின்மீது (ஒலியெழுப்பும் அதிர்தகட்டின்மீது) பிரதிபலிப்பான் அமைந்த வகை. மாதிரிப் பெயர்த் தகடு கழன்றுவிட்டது.

மண்டபத்தில் இரண்டே ஒலிவாங்கிகளால் பதிவான நாதஸ்வரக் கச்சேரி அற்புதமாக ஒலிக்கிறது. குசினி வாசலில் நின்றாலும் தவில் தன் இடத்திலேயே இருக்கிறது. ஆனால், பாடகரின் வாயருகே ஒலிவாங்கி வைத்துப் பதிவுசெய்த கலையகப் பாடல்களில், குரல் நடுவில் நில்லாமல் சுவருக்குச் சுவர் பரவி, சகர ஒலிகள் ஈரத்தில் எழுதிய மைபோலக் கசிகின்றன.

பின்சுவரிலிருந்து 1 அடியில் இருந்த ஒலிபெருக்கிகளை 3 அடிக்கு நகர்த்தினேன். அதனால் பின்சுவர் எதிரொலி ஏறத்தாழ 2 மில்லிசெக்கனுக்குப் பதிலாக 5 மில்லிசெக்கன் தாமதமாக வருவதால், ஓரளவு தெளிவு கிடைத்தது. தரையோட்டின்மீது கம்பளம் விரித்தேன், தடித்த திரைச்சீலை தொங்கவிட்டேன், வயர் முனைகள் மாறியிருக்கின்றனவா என்றும் சரிபார்த்தேன். கேட்பவரை நோக்கித் திருப்பிவைக்கும் வழக்கமான வைத்தியத்துக்கு இவ்வகையில் இடமில்லை. வீட்டுக்காரர் சுவரில் ஆணியடிக்க விடமாட்டார். ஆகவே, நிறுத்திவைக்கக்கூடிய ஒலியுறிஞ்சிப் பலகைகள் இரண்டை மட்டுமே வாங்க எண்ணுகிறேன்.

இத்தகைய சோடியைச் சிறிய அறையில் வைத்திருப்பவர்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்: அவ்விரண்டையும் பின்சுவரில் வைப்பதா, பக்கச் சுவர்களில் வைப்பதா?