பிஎச்டி களப்பணியில் மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

நெல்லைப்பெண்:
களப்பணியில் மனசை விட்டுப் போகாத சந்திப்பு உங்களுக்கு எது, சொல்லுங்கள். என்னுடையது இது. கனடாவில் ஒன்டாரியோவின் லீமிங்டன் பசுமைக்குடில்கள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அது ஊரகவியல் பிஎச்டியில் இரண்டாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தக்காளிக் குடிலில் வேலை செய்யும் ஜமைக்காக்காரர் ஒருவரைக் காபிக் கடையில் சந்தித்தேன். என் அப்பாவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வருடத்தில் எட்டு மாதம் இங்கே, மீதி நாட்கள் வீட்டில், இப்படியே பதினாலு வருடம். நான் கேள்வித்தாளை எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "நீயும் பெர்மிட்டில்தானே இருக்கிறாய், காட்டு பார்ப்போம்" என்றார். பையிலிருந்து என் மாணவர் பெர்மிட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய வேலை பெர்மிட்டை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. இரண்டு தாளையும் மேசையில் ஒட்டி வைத்து, தன் தாளில் முதலாளி என்ற இடத்தில் அச்சாகியிருந்த பண்ணைப் பெயர்மேல் விரலை வைத்தார். அப்புறம் அதே விரலால் என் தாளில் மேலிருந்து கீழ்வரை தேடினார். தக்காளிச் செடியைத் தொட்டுத் தொட்டு நகக்கண்ணில் கரும்பச்சையாக ஏறியிருந்த கறை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "உன் தாளில் எந்தப் பண்ணைப் பெயரும் இல்லையே" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரே முதலாளி பெயரில் கட்டிய பெர்மிட்டோடு வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பருவகாலப் பண்ணை வேலைக்குக் கூட்டிவரும் இந்தத் திட்டம் 1966ல் ஜமைக்காவோடு தொடங்கியது, 1974ல் மெக்சிகோ சேர்ந்தது, இதெல்லாம் என் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த விரல் மட்டும் இல்லை. வரைவில் எழுதியிருந்தேன், ஆய்வேட்டுக் குழுவில் ஒருவர் "இது உன் அனுபவம், தரவு இல்லை" என்று அடித்துவிட்டார், நானும் பேசாமல் எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது.

கோபிக்காரன்:
எனக்கு ஒன்டாரியோவிலேயே எல்மைரா பக்கம். பழைய மரபு மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயி ஒருவர், வாசலில் கறுப்புக் குதிரை வண்டி நிற்கிறது, ஒரு மணி நேரம் அருமையாகப் பேசினார். முடிவில் ஒப்புதல் படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். படிவத்தை மெதுவாக என் பக்கமே தள்ளிவிட்டு, "ஆம் என்று சொல்லிவிட்டேனே" என்றார். சத்தியம் செய்யாத மக்கள், சொன்ன சொல்தான் அவர்களுக்குக் கையெழுத்து. அது தெரிந்தே படிவத்தோடு போயிருக்கிறேன், அதுதான் உறுத்துகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. கனடா ஆய்வுநெறி விதிகளிலேயே வாய்மொழிச் சம்மதத்துக்கு இடம் இருக்கிறது, நெறிக்குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே காரணத்தோடு கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம் கார். கிரேஹவுண்ட் பேருந்து 2021 மே மாதத்தோடு கனடாவுக்குள் மொத்தமாக நின்றுபோனது. பஸ்ஸை நம்பிக் கிராமத்து ஆய்வுக்குத் தலைப்பு எடுக்காதீர்கள். வந்த முதல் மாதமே ஒன்டாரியோ ஓட்டுநர் உரிமத்தின் முதல் படியான ஜி1 எழுதுங்கள். அங்கீகரித்த ஓட்டுநர் பயிற்சி முடித்தால் அடுத்த படியான ஜி2 சாலைத் தேர்வுக்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு எட்டாகும். ஊரில் ஓட்டிய அனுபவம் இருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்திலிருந்து சான்றுக் கடிதத்தோடு வாருங்கள், இன்னும் சீக்கிரம் முடியும், இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு அதை வரவழைப்பது பெரும்பாடு. பனிக்கால டயர் கட்டாயம் மாட்டுங்கள். பண்ணைச் சாலையில் மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிடும், காரில் ஒரு கம்பளியும் டார்ச்சும் எப்போதும் இருக்கட்டும். முடிந்தால் இன்னொரு மாணவரோடு பங்கு போட்டு வாங்குங்கள்.

டெல்டா:
கோபி அண்ணே, அந்த அக்கா கேட்டது காரையா? உதவித்தொகையில் வாடகை போக மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், இன்சூரன்ஸ் மட்டும் கட்டிப் பாருங்கள். லீமிங்டனில் அந்தத் தொழிலாளர்களே சாலையோரம் சைக்கிளில்தான் போகிறார்கள். ஆய்வாளர் காரில் போய் இறங்குவதற்கும் அவர்கள் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிறீர்களா?

நான் நெதர்லாந்து. கெல்டர்லாந்தில் பால்பண்ணைகளுக்குச் சைக்கிளில்தான் போனேன். 2022 கோடை, 2030க்குள் நைட்ரஜன் வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அரசு சொல்லியிருந்த நேரம், மாடுகளைக் குறைக்கச் சொல்வார்கள் என்று பயந்த விவசாயிகளின் எதிர்ப்பாக வழியெல்லாம் நாட்டுக் கொடி தலைகீழாகத் தொங்குகிறது. ஒரு பெரியவர் கேட்டைத் திறக்கவே இல்லை. "மாடு எண்ண வந்தாயா, பேச வந்தாயா?" என்றார். பேசத்தான் என்றேன். உன் வீட்டில் எத்தனை மாடு என்றார். ஒரு பசு, இரண்டு எருமை என்றேன். பெயர் கேட்டார். பசு பெயர் செவலை, எருமைக்கெல்லாம் நாங்கள் பெயர் வைக்கவில்லை என்றேன். கேட்டுக்கு மேலே கையை நீட்டி, பக்கத்தில் நின்ற மாட்டின் காதைத் திருப்பி மஞ்சள் பட்டையில் இருந்த எண்ணைக் காட்டினார். "என் தாத்தா இதையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தார். நான் மூன்று மாதம் உட்கார்ந்து தயாரித்த கேள்விகளில் இது எதுவுமே கிடையாது.

அக்கா, அந்தப் பத்தியை ஆய்வுமுறை அத்தியாயத்தில் திரும்பச் சேருங்கள். உங்கள் பெர்மிட்டைப் பார்த்துத்தானே அவர் அப்படிச் சொன்னார், அது தரவு இல்லையென்றால் வேறு எது தரவு?

நெல்லைப்பெண்:
ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது தம்பி. கட்டுரையாக எழுதப் போகிறேன். போன வாரம் அவருக்கு வாட்ஸப்பில் கேட்டேன், எழுதலாமா என்று. இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது, பின்னால் குடிலின் மின்விசிறிச் சத்தம். எழுது, பண்ணைப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.