அதிகாலை 3 மணிக்குப் பிரட்டுக்குக் கிளம்பும் அம்மா

அம்மாவுக்கு 71 வயது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் 35 வருடம் கொழுந்து எடுத்தவர். அல்சைமர் மறதி நோய் என்று 2023இல் சொன்னார்கள். 4 மாதமாக அதிகாலை 3 மணிக்கு எழும்பி, கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை வாங்கும் இடத்துக்கு, போக நிற்கிறார். போன வாரம் மழையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்தான் கண்டுபிடித்தோம்.

பகல் தூக்கத்தைக் குறைத்தோம். மாலைத் தேத்தண்ணியை நிறுத்தினோம், அதற்குத்தான் பெரிய சண்டை. மறதி நோய்க்கு இரவு கொடுத்த டொனெபெசில் 5 மில்லிகிராம் மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றி 2 வாரம். கனவில் கத்துவது குறைந்தது, எழும்புவது குறையவில்லை. சிறுநீர்த் தொற்றும் இல்லையாம். "இன்றைக்கு ஞாயிறு, வேலை இல்லை" என்றால் சில நாள் சரி என்று படுத்துவிடுவார். கதவைப் பூட்டினால் அழுகிறார்.

லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு), ஒரே வாசல், வெளியே செங்குத்துப் படி. பூட்டாமல் இரவில் அவரை உள்ளே வைத்திருக்க உங்கள் வீட்டில் எது சரிவந்தது?