புதருக்குள் மறைந்த கல்குட்டைகள்: படத்திலும் வரைபடத்திலும் தேடிய அனுபவங்கள்

சென்னையை ஒட்டிய நன்மங்கலம் காட்டுக்குள் இருக்கும் பழைய கல்குவாரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கொம்பன் ஆந்தையைத் தேடி நானும் அங்கே போய்ப் பழகியவன்தான். ஆனால் எல்லாக் குவாரியும் அப்படித் திறந்து கிடப்பதில்லை. போன மார்ச்சில் செங்கல்பட்டுப் பக்கம் வேறொரு காப்புக்காட்டுக்குப் பறவைக் கணக்கெடுப்புக்காக அனுமதி வாங்கிப் போயிருந்தோம். சூரைமுள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்த வேட்டைத்தடுப்புக் காவலர் சட்டென்று கையை நீட்டி மறித்தார். அவர் காலுக்கு ஓரடி முன்னால் தரையே இல்லை. உன்னிச்செடி விளிம்பைத் தாண்டி வளர்ந்து மேலே பந்தல் போட்டிருந்தது. அவர் ஒரு கல்லை உள்ளே போட்டார். 'டொப்' என்று தண்ணீரில் விழுந்த சத்தம் ரொம்பக் கீழேயிருந்து வந்தது. எங்கள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை.

வீட்டுக்கு வந்து கூகுள் எர்த்தில் தேடினேன். மழைக்காலப் படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பழைய ஆண்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மே மாதப் படத்துக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. சுற்றுவட்டார ஏரிகள் காய்ந்து கிடக்க, காட்டுக்கு நடுவில் மட்டும் கரும்பச்சையாக ஒரு துண்டுத் தண்ணீர், அதன் ஓரங்கள் வெட்டிவைத்ததுபோல் நேராக. ஏரி என்றால் ஒரு பக்கம் கரை இருக்கும், மறுபக்கம் மெல்லச் சரிந்து மேடேறும். குவாரி அப்படி இல்லை, எல்லாப் பக்கமும் செங்குத்து.

தண்ணீர் இல்லாத குழிக்கு நிழல்தான் துணை. இந்தப் படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுக்கப்படுபவை. மார்கழியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில் நிற்கும். பாறைமேடாக இருந்தால் அதன் வடமேற்குப் பக்கம் இருட்டாக இருக்கும், குழியாக இருந்தால் அதன் தென்கிழக்குச் சுவரடியில் இருட்டு. முதலில் நான் குழியை மேடு என்றே நினைத்தேன். படத்தைத் திருப்பித் தெற்கை மேலே வைத்ததும் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. செய்து பாருங்கள்.

*

தம்பி எழுதியதைப் படித்தேன். நில அளவை வரைபடங்களோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 1:50,000 அளவு வரைபடத் தாளில் சமஉயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) மட்டும் நம்பாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர். பதினைந்து மீட்டர் பள்ளம் அதற்குள் சுவடில்லாமல் மறைந்துவிடும். மூடிய கோட்டிலிருந்து உள்நோக்கிச் சீப்புப் பல்போலச் சின்னச் சின்னக் கீற்றுகள் இருக்கிறதா என்று பாருங்கள், பள்ளத்துக்கு அதுதான் குறி. பக்கத்தில் '6ஆர்' என்பதுபோல் எண் இருந்தால், அது சுற்றியுள்ள தரையை ஒப்பிட்ட அளவு.

அப்புறம், பழைய ஒரு அங்குலம்–ஒரு மைல் தாள் கிடைத்தால் வண்டித்தடங்களைப் பின்தொடருங்கள். ஊரோ கோயிலோ இல்லாத இடத்தில், காட்டு நடுவே ஒரு தடம் திடீரென்று நின்றால் அங்கே எதையோ ஏற்றியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்குமேல் கல்தான். புதிய தாளில் அந்தத் தடமே இருக்காது. 1:50,000 தாள்களை இப்போது இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

*

ஐயா சொன்ன வண்டித்தடத்தை நான் கொரோனா படத்தில் பார்த்தேன். 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை, 1995-இல் பொதுவில் விடப்பட்டன. எங்கள் ஊர் திருப்பூர்ப் பக்கம், இந்தக் குழிகளைப் பாறைக்குழி என்போம். புதிதாக உடைத்த கல்லும் சக்கையும் படத்தில் சுண்ணாம்பு கொட்டினாற்போல் வெளுத்துத் தெரியும், மரஞ்செடி கறுப்பாக இருக்கும். இன்று வேலிகாத்தான் மூடிய இடத்தில் அந்தப் படத்தில் நான்கு வெள்ளைத் திட்டுகள்.

அப்பா சின்ன வயதில் கல் உடைத்தவர். படத்தைக் காட்டினேன். மூன்றைச் சரியாகச் சொன்னார். நான்காவதை அவருக்கு நினைவில்லை. போன வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பாறைச் சுவரில் மேலிருந்து கீழாகப் பாதிக் குழாய்போல் ஓடிய பள்ளத்தில் விரலை வைத்து, "இது தமர் போட்ட தடம், இதுக்குள்ளதான் வெடி வைப்போம்" என்றார். நான்காவது குழிச் சுவரில் தமர் இல்லை. ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளக்க உளியால் குடைந்த குழிகள் வரிசையாக இருந்தன, அவருக்கும் முந்தைய வேலை. சுற்றி வேலி இல்லை, மறுபக்கம் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் நடக்கிற ஒற்றையடிப் பாதை. நான்கு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து ஊராட்சியில் கொடுத்திருக்கிறேன். கோடை லீவுக்கு முன்னால் முள்வேலியாவது போடச் சொல்லி அப்பா தினமும் போய் நிற்கிறார்.