டெஸ்க்டாப் செயலியின் பில்டை டாக்கருக்கு மாற்றலாமா?

பெரம்பூரான்:
பாரிமுனை, தி.நகர் கடைகளுக்கான பில்லிங் செயலி. சி++, க்யூட்டி 6 (செயலியின் ஜன்னல், பொத்தான்களை வரையும் லைப்ரரி). கல்லா கணினிகளில் பாதி உபுண்டு 20.04, மீதி விண்டோஸ். 22.04 லேப்டாப்பில் பில்ட் செய்த ஆப்இமேஜ் (ஒரே ஃபைலில் அடங்கிய லினக்ஸ் செயலி), 20.04-இல் ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று, அதாவது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி பழையது என்று, நின்றுவிடுகிறது. பில்டிலிருந்து ரிலீஸ் வரை எல்லாவற்றையும் டாக்கரில் (கன்டெய்னர் என்ற தனிச் சூழலில் புரோகிராம்களை ஓட்டும் கருவி) போடலாமா?

அடையாறு ஆலமரம்:
தாராளமாகப் போடுங்கள். 20.04-இல் ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35. பழையதில் பில்ட் செய்தது புதியதில் ஓடும். மாற்றிச் செய்தால் ஓடாது. 2.34-இல் த்ரெட் லைப்ரரியை லிப்சிக்குள் சேர்த்தபோது, மெயினை அழைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கும் புதுப் பதிப்பு எண் வந்தது. அதனால் வெறும் ‘வணக்கம்’ அச்சிடும் புரோகிராம்கூட 2.34 கேட்கும். 20.04-இன் டாக்கர் இமேஜில் (கன்டெய்னரின் தயார் அச்சு) பில்ட் செய்தால் தீர்ந்தது. ‘லேடஸ்ட்’ டேக் வேண்டாம், டைஜெஸ்டை (குறிப்பிட்ட ஒரு இமேஜின் மாறாத அடையாளக் குறி) போட்டுப் பூட்டுங்கள். ஆப்இமேஜைத் திறக்கத் தேவையான ஃபியூஸ் வசதி கன்டெய்னருக்குள் வழக்கமாக இருக்காது; ஆப்இமேஜ் கருவிகளைப் பிரித்து ஓட்டும் முறையில் இயக்குங்கள்.

கிண்டி ரயிலடி:
சார், இதில் ஒரு ஆபத்தை விட்டுவிட்டீர்கள். ஜிலிப்சி கடைக் கணினியுடையது, சரி. பாதுகாப்பான இணைய இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படியல்ல, ஆப்இமேஜில் மூட்டை கட்டி நாமே அனுப்புகிறோம். 20.04-இல் இருப்பது 1.1.1. அந்த வரிசைக்கு 2023 செப்டம்பரோடு பொது ஆதரவு முடிந்தது, 20.04-க்கே வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு சரி. பணம் புழங்கும் செயலியில் அதைப் பொதிந்து அனுப்பக் கூடாது.

அடையாறு ஆலமரம்:
நியாயம். அதற்கு 20.04-ஐக் கைவிட வேண்டியதில்லை. இமேஜைக் கட்டும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலிலேயே ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, க்யூட்டியை அதோடு இணைத்துக் கட்டுங்கள். இந்த வரிகள் உங்கள் புரோகிராம் கோடை காப்பி செய்யும் வரிக்கு மேலே இருக்கட்டும். கீழே போனால் கோடில் ஒரு எழுத்து மாறினாலும் முன்பு கட்டியதைச் சேமித்து வைத்த கேஷ் உடைந்து க்யூட்டி முழுதும் மறுபடி கம்பைல் ஆகும்.

சோதனையை பில்ட் இமேஜில் செய்யாதீர்கள். டெவ் பேக்கேஜ் (பில்டுக்கு மட்டும் தேவைப்படுபவை) எதுவும் இல்லாத வேறொரு கன்டெய்னரில், திரையில்லாமலே திரைபோல் நடிக்கும் எக்ஸ்விஎஃப்பி போட்டுத் திறந்து பாருங்கள். தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி காட்டுவதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: லினக்ஸில் ஜன்னலைக் காட்டும் க்யூட்டியின் எக்ஸ்சிபி பிளகின் ஓடும்போதுதான் லோடு ஆகிறது. க்யூட்டி 6.5 முதல் அதற்கு எக்ஸ்சிபி-கர்சர் லைப்ரரியும் வேண்டும். பில் முன்னோட்டத்தில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தால் பதறி கோடைத் தோண்ட வேண்டாம். இமேஜில் தமிழ் ஃபான்ட் இல்லை, லோஹித் தமிழ் பேக்கேஜைப் போடுங்கள்.

கிண்டி ரயிலடி:
லினக்ஸுக்கு ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸுக்கு இல்லை. லினக்ஸ் கன்டெய்னரில் மின்ஜிடபிள்யூ (விண்டோஸ் செயலியைக் கட்டும் கம்பைலர்) வைத்து இஎக்ஸ்இ எடுக்கலாம்தான். ஆனால் தெர்மல் பிரிண்டர் எஸ்டிகே (பிரிண்டரோடு பேசும் லைப்ரரித் தொகுப்பு) மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++-இல் கட்டிய சி++ லைப்ரரியாக இருந்தால் இணையாது. இரண்டு கம்பைலர்களின் சி++ பைனரி இணைப்பு விதிகள் (ABI) வேறு.

செயலி நம்முடையதுதான் என்று டிஜிட்டல் முத்திரையிடும் சைனிங் இன்னொரு முட்டுக்கட்டை. 2023 ஜூன் 1 முதல் புதிய கோட் சைனிங் சான்றிதழின் பிரைவேட் கீ ஹார்டுவேர் டோக்கனிலோ எச்எஸ்எம்மிலோதான் (கீயைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புக் கருவி) இருக்க வேண்டும். யுஎஸ்பி டோக்கன் பின் கேட்டு நிற்கும், ராத்திரி பில்ட் அங்கேயே தொங்கும்.

அடையாறு ஆலமரம்:
எஸ்டிகே சி இன்டர்ஃபேஸ் கொடுத்தால் மின்ஜிடபிள்யூவில் இணையும். சைனிங்கைத் தனிக் கட்டமாகப் பிரியுங்கள். முதலில் இஎக்ஸ்இ, பிறகு அதை இன்ஸ்டாலரில் அடைத்து இன்ஸ்டாலருக்கும் ஒரு சைன். இரண்டிலும் சைன் செய்த நேரத்தைப் பதியும் டைம்ஸ்டாம்ப் கட்டாயம். இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியான அன்றே பழைய ரிலீஸ்களின் சைனும் செல்லாது. பெரம்பூரான், எஸ்டிகேயின் ஹெடர் ஃபைலைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

பெரம்பூரான்:
பார்த்தேன். எல்லாமே கிளாஸ், சி ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லை. விண்டோஸ் பில்ட் தனி விஎம்மிலேயே (மெய்நிகர் கணினி) இருக்கட்டும். இன்று 20.04 இமேஜோடு ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐக் கட்டத் தொடங்குகிறேன்.