காஞ்ச லவ்பக்கை பேப்பர் டவல் வெச்சுத் தேய்ச்சுட்டேன், விமான விண்ட்ஷீல்டு போச்சா?

திருச்சிப்பருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ஃபுளோரிடாவுல பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் படிச்சிட்டிருக்கேன், இதுவரைக்கும் 46 மணி நேரம் ஆயிருக்கு. போன வியாழக்கிழமை செஸ்னா 172-ங்கிற சின்ன விமானத்துல தனியா கிராஸ் கன்ட்ரி போனேன், அதாவது வேற ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பற பயணம். மே மாசம், லவ்பக் காலம். ஜோடி ஜோடியாப் பறக்குற கறுப்புப் பூச்சி. ஆயிரம் அடி ஏறறதுக்குள்ள முன்னாடி முழுக்க அப்பிக்கிச்சு.

போன ஏர்போர்ட்டுல பெட்ரோல் போடற இடத்துல நீலக் கலர் கிளாஸ் கிளீனரும் பேப்பர் டவல் ரோலும் வெச்சிருந்தாங்க. அதுக்குத்தானே வெச்சிருக்காங்கன்னு எடுத்து, காஞ்சு ஒட்டியிருந்த பூச்சியை வட்டம் வட்டமா அழுத்தித் தேய்ச்சேன். அப்போ பளிச்சுன்னுதான் இருந்துச்சு.

சாயங்காலம் திரும்பி வந்து ரன்வே 27-ல, அதாவது மேற்கு பார்த்து இறங்கறப்போ சூரியன் நேரா மூஞ்சியில. என் கண்ணுக்கு எதிர்ல, சூரியனைச் சுத்திச் சிலந்தி வலை பின்னின மாதிரி கோடு. சில நொடி ரன்வேயே தெரியலை. பத்திரமா இறங்கிட்டேன், ஆனா இறங்கினப்புறமும் கை நடுக்கம் நிக்கலை.

இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். மெக்கானிக் திங்கள்கிழமை வந்து பார்ப்பார். இதைச் சரி பண்ண முடியுமா, இல்ல புதுசு மாத்தணுமா? இனிமே எப்படித் துடைக்கணும்? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரலை, நானும் கேக்கணும்னு நினைக்கலை.

ஹேங்கர்வாசி:

தம்பி, மறைக்காம அன்னிக்கே சொன்னீங்களே, முதல்ல அதுக்கே உங்களைப் பாராட்டணும். நான் டெக்சஸ்ல 19 வருஷமா சின்ன விமான மெக்கானிக். இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, அதனால நீளமாவே எழுதறேன்.

அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக்ங்கிற பிளாஸ்டிக். கண்ணாடி கண்ணாடின்னு சொல்லிச் சொல்லியே, வீட்டு ஜன்னலுக்குப் போடறதை எல்லாம் அதுக்கும் போட்டுடறோம். கார் கண்ணாடி மேல பேப்பரை வெச்சுத் தேய்ச்சா ஒண்ணும் ஆகாது. அக்ரிலிக் அவ்வளவு மெது, காஞ்ச தூசியைத் துணியால ஒரு இழுப்பு இழுத்தாலே கோடு விழும். பேப்பர் டவல் மரக்கூழ், அந்த நாரே கீறும். உங்க விமானத்தோட ஹேண்ட்புக்ல எட்டாவது பகுதியை எடுத்துப் பாருங்க. பெட்ரோல், பென்சீன், ஆல்கஹால், அசிட்டோன், லேக்கர் தின்னர், ஐஸ் கரைக்கிற திரவம், கிளாஸ் கிளீனர்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லி வேண்டாம்னு எழுதியிருக்கும்.

உங்களுக்கு நடந்திருக்கக்கூடியது ரெண்டு. ஒண்ணு கீறல், பேப்பர் பண்ணினது. இன்னொண்ணு கிரேசிங், அந்த மாதிரி கிளீனர்ல இருக்குற அம்மோனியா பண்ணக்கூடியது. கிரேசிங்னா பிளாஸ்டிக்குக்குள்ளயே மயிரிழை மாதிரி வெடிப்பு விழறது. ஸ்குரூ போட்ட ஓரம், வளைவு, எங்கெல்லாம் இழுவிசை இருக்கோ அங்க முதல்ல வரும். ராத்திரி ஹேங்கர் லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. கீறல்னா நீங்க கையை ஓட்டின திசையிலேயே வட்டமாத் தெரியும். கிரேசிங்னா ஒரு கோணத்துல ஜரிகை மாதிரி மின்னும், தலையை நகர்த்தினா காணாமப் போயிடும். கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். கிரேசிங் உள்ள இறங்கிட்டா, அந்த விண்ட்ஷீல்டைப் பத்தி உங்க மெக்கானிக்தான் முடிவு பண்ணணும். ஒரே ஒரு தடவைங்கிறதால உங்களுக்குக் கீறல் மட்டும்தான் இருக்கும்னு நம்பறேன்.

2020-ல ஒருத்தர் தன்னோட விமானத்தை உள்ளயும் வெளியயும் ஆல்கஹால் கலந்த சானிடைசர் போட்டுப் பல மாசம் துடைச்சிருக்கார். நல்லெண்ணத்துலதான். என்கிட்ட வந்தப்போ பக்கத்து ஜன்னல் ரெண்டும் பனி மூடின மாதிரி இருந்துச்சு. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு எனக்கு.

இப்போ துடைக்கிற முறை. தண்ணிதான் முதல் வேலைக்காரன், துணி கடைசி. சுத்தமான பருத்தித் துண்டை நல்லா நனைச்சு, பிழியாம அப்படியே விண்ட்ஷீல்டு மேல விரிச்சுப் போட்டுட்டு, பறக்கறதுக்கு முன்னாடி செய்யற மத்த பிரீஃபிளைட் சோதனையைப் பாருங்க. பத்து நிமிஷத்துல பூச்சி ஊறிடும். அப்புறம் மோதிரம், வாட்ச் எல்லாத்தையும் கழட்டிட்டு, மேல இருந்து தண்ணியை ஊத்திக்கிட்டே வெறுங்கையால தடவுங்க. துணி வேண்டாம், ஸ்பாஞ்சும் வேண்டாம். மணல் துணுக்கு இருந்தா உள்ளங்கைக்குத்தான் தெரியும், துணிக்குத் தெரியாது. தட்டுப்பட்ட இடத்துல நிறுத்தி, தண்ணி ஊத்தியே கீழ இறக்குங்க. என் கை எல்லாம் ஆயில் பட்டுக் காப்புக் காய்ச்சின கை. அதுக்கே ஒரு துளி மணல் தனியாத் தெரியும்னா உங்க கைக்குத் தெரியாதா?

இது முடிஞ்சப்புறம்தான் அக்ரிலிக்குக்குன்னே விக்கிற கிளீனர், பிளெக்ஸஸ் மாதிரி ஏதாவது. மைக்ரோஃபைபரோ பழைய ஃபிளானலோ, நாலா மடிச்சா எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முகம், அழுக்கான முகத்தால திரும்பத் தேய்க்காதீங்க. மேலிருந்து கீழ, நேராத்தான். வட்டமாத் தேய்ச்சா வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது ஒரு கோடு அதைப் பிடிச்சு உங்க கண்ணுல அடிக்கும். நீங்க 27-ல பார்த்தது அதுதான். காஞ்ச துணியால பளபளப்பாக்கற ஆசையும் வேண்டாம். நிலைமின்சாரம் ஏறி, அரை மணியில முன்னைவிடத் தூசி ஒட்டும்.

துணியை ஜிப் போட்ட பைல வையுங்க. தரையில விழுந்துட்டா அது அப்புறம் சக்கரம் துடைக்கிற துணி. எஞ்சின் கவர் துடைச்ச துணி விண்ட்ஷீல்டு பக்கமே வரக்கூடாது.

உள்பக்கம் துடைக்கறப்போ துணியில ஸ்பிரே பண்ணுங்க, விண்ட்ஷீல்டுல இல்லை. டேஷ்ல இருக்குற ஸ்கிரீன் மேல படக்கூடாது, கார்மின் ஸ்கிரீன் பூச்சுக்கு அம்மோனியா ஆகாது. மழைக்குக் கார்ல பூசற திரவமும் வேண்டாம், அதுல ஆல்கஹால் இருக்கும். 172-க்கு ரெக்கை மேல இருக்கறதால, பெட்ரோல் போடறப்போ ஹோஸ்ல இருந்து சொட்டினா கீழ விண்ட்ஷீல்டுல விழலாம். விழுந்த உடனே தண்ணி ஊத்திடுங்க.

மெக்கானிக் வர்றதுக்குள்ள நீங்களே பாலிஷ் போட்டுப் பார்க்காதீங்க. ஒரே இடத்துல தேய்ச்சா அங்க பள்ளமாகி, வெளிய பார்க்கறது நெளிஞ்சு தெரியும். கீறலை விட அது மோசம்.

வடக்குக்காற்று:

ஹேங்கர்வாசி அண்ணை வடிவாச் சொல்லிப்போட்டார். நான் கனடா, ஒன்டாரியோ. இஞ்ச பூச்சியை விட உறைபனிதான் எங்கட பிரச்சினை. காருக்குச் சுரண்டுற மாதிரி பாங்க் கார்ட்டால சுரண்டின ஆக்களை என்ர கண்ணால கண்டிருக்கிறன். ஒரு காலமை போதும், விண்ட்ஷீல்டு முழுக்கக் கோடு. சுடுதண்ணியும் ஊத்தக்கூடாது, குளிர்ந்து கிடக்கிற அக்ரிலிக் திடீர்ச் சூட்டுக்கு வெடிக்கும். சூடான ஹேங்கருக்குள்ள தள்ளி வைச்சுப் பொறுத்திருக்கிறதுதான் வழி. அன்றைக்குப் பறப்புப் பிந்தினால் பிந்தட்டும்.

வானம்பாடி:

நான் ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர், கலிஃபோர்னியா. உங்க கேள்வியைப் படிச்சதும் என்னோட மாணவர்களுக்கு நான் இதைச் சரியாச் சொல்லித் தந்திருக்கேனான்னு யோசிச்சேன். கீறலைப் பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் பூச்சிப் புள்ளியைப் பத்திச் சொல்றேன்.

நம்ம மேல மோத வர்ற விமானம் விண்ட்ஷீல்டுல நகராது. ரெண்டு பேரும் திசையும் வேகமும் மாத்தாம நேராப் போயிட்டிருந்தா அது ஒரே இடத்துல நிக்கிற சின்னப் புள்ளியாத்தான் தெரியும். கடைசி நேரத்துலதான் திடீர்னு பெருசாகும். அதுவரைக்கும் அதுக்கும் செத்த பூச்சிக்கும் வித்தியாசமே இருக்காது. போன வருஷம் டிராஃபிக் பேட்டர்ன்ல, அதாவது இறங்கறதுக்காக ரன்வேயைச் சுத்தி வர்ற பாதையில இருக்கறப்போ, பத்து மணி திசையில (இடது முன்பக்கம்) ஒரு புள்ளியை நானும் மாணவியும் பூச்சின்னே நினைச்சோம். நான் தலையை ஒரு சாண் பக்கவாட்டுல நகர்த்தினேன். விண்ட்ஷீல்டுல ஒட்டினதுன்னா பின்னாடி இருக்குற மலையை விட்டு விலகித் தெரியணும். அது விலகலை, மலையோட சேர்ந்தே நின்னுச்சு. விமானம்! உடனே வலது பக்கம் திருப்பினேன். இப்போ ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி ஈரத் துண்டு போடறது எங்க வழக்கமாயிருச்சு. நேரமில்லைன்னு யாராவது சொன்னா அந்தப் புள்ளியைப் பத்திச் சொல்லுவேன்.

திருச்சிப்பருந்து:

எல்லாருக்கும் மனசார நன்றி. திங்கள்கிழமை மெக்கானிக் பார்த்தார். கிரேசிங் இல்லை. ஓரமெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொன்னார். கீறல் நகத்துல மாட்டலை, அதனால பிளாஸ்டிக் பாலிஷ் போதும்னு சொல்லிட்டார். நகத்துல மாட்டியிருந்தா மைக்ரோ மெஷ்ங்கிற ரொம்ப மெலிசான தேய்ப்புத் தாள் போட்டுப் படிப்படியா இறக்கியிருக்கணுமாம். அவர் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். கீறின இடத்தை மட்டும் இல்லாம, இடது பாதி முழுக்கப் பரவலா, நேர்க்கோட்டுல, கையாலயே போட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சூரியனுக்கு நேரா நிறுத்திப் பார்த்தா இன்னும் மெலிசா ரெண்டு வளையம் தெரியுது. மெழுகு போட்டா அதுவும் அடங்கும்னார்.

சனிக்கிழமை மறுபடியும் லவ்பக். ஈரத் துண்டைப் போட்டுட்டு ஆயில் பார்த்து, பெட்ரோல் சாம்பிள் எடுத்துட்டு வந்து துண்டை எடுத்தேன். பாதிப் பூச்சி துண்டோடயே வந்துருச்சு. தண்ணி ஊத்தி உள்ளங்கையால தடவினப்போ, வலது ஓரத்துல நீங்க சொன்ன அந்த ஒரு துளி மணல் தட்டுப்பட்டுச்சு. துணி போட்டிருந்தா அதைக் கீழ வரைக்கும் இழுத்திருப்பேன்.

அந்த ஏர்போர்ட்டுக்குப் போன் பண்ணி, பம்ப் பக்கத்துல இருக்குற நீல பாட்டிலைப் பத்திச் சொன்னேன். எடுத்துடறோம்னாங்க. இன்னும் ஒரே ஒரு சந்தேகம், ராத்திரி வெளிய நிறுத்தறப்போ கேன்வாஸ் கவர் போடலாமா?

ஹேங்கர்வாசி:

போன் பண்ணினீங்க பாருங்க, அது எத்தனையோ விமானத்தைக் காப்பாத்தும். கேன்வாஸ் வேண்டாம் தம்பி. காத்துல அடிச்சு, அடியில சிக்கின தூசியோட ராத்திரி முழுக்கத் தேய்க்கும். உறைமழை வர்ற அன்னிக்கு மட்டும் போடலாம்னு ஹேண்ட்புக்லயே இருக்கு. உங்க ஊர்ல அதுக்கு வேலை இருக்காது. உள்பக்கம் மெத்துன்னு துணி தைச்ச கவர் இருந்தா, விண்ட்ஷீல்டைக் கழுவி ஈரம் காஞ்சப்புறம், படபடக்காம இறுக்கிக் கட்டுங்க. இல்லைன்னா சும்மாவே விட்டுடுங்க, காலையில ஈரத் துண்டு இருக்கு.