தங்கச்சிமடம் பெரிய வீடு: குடும்பக் குழு, ஏப்ரல் 19

ரீத்தா அத்தை: ஜெரோமின் ஓசிடிக்கு, அதான் வேண்டாத எண்ணம் வந்து செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்க்கு, மாத்திரை மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை. மதுரை டாக்டர் தலையில் காந்த சிகிச்சை கொடுக்க வேண்டும் என்கிறார். ஆறு வாரம் அங்கேயே தங்க வேண்டுமாம். யார் வீட்டில்?

சூசை பெரியப்பா: ஷாக்கா? சம்மதிக்க மாட்டேன்.

ஜெனிட்டா: ஷாக் இல்லை பெரியப்பா. ஷாக்குக்கு மயக்க மருந்து கொடுத்து வலிப்பு வரவைப்பார்கள். இதில் விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். தலைமேல் கம்பிச்சுருள் வைத்த ஒரு தொப்பி. அதில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும்போது காந்தப்புலம் உண்டாகி, மண்டையோட்டைத் தாண்டி, குறிப்பிட்ட இடத்து நரம்புகளை மட்டும் தூண்டும். டக் டக் என்று சத்தம் வரும், தலை வலிக்கலாம். வலிப்பு மிக அபூர்வம். முடிந்ததும் எழுந்து பஸ் ஏறலாம். அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு 2008இலும் ஓசிடிக்கு 2018இலும் அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

சகாயம் மச்சான்: இவ்வளவு நீளமா!

சூசை பெரியப்பா: பைக்கில் விழுந்து தலையில் தையல் போட்டானே?

ஜெனிட்டா: தையல் பரவாயில்லை. உள்ளே உலோகத் தகடு, கிளிப் இருந்தால் கூடாது. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டெல்லா சித்தி: முதலில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாமே.

ஜெனிட்டா: வேண்டிக்கொள்ளுங்கள் சித்தி, தடுக்கவில்லை. தங்கவைக்கும் பேச்சு மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, அங்கே தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோனார்கள்.

சூசை பெரியப்பா: அன்று மீன் வண்டியோடு அந்த வழியாகத்தான் போனேன். அந்தப் பேச்சை விடுங்கள்.

ஸ்டெல்லா சித்தி: சரி. விமலா நிச்சயம் முடியும்வரை இது வெளியில் தெரிய வேண்டாம்.

சகாயம் மச்சான்: நிச்சயத்துக்குப் பந்தல்காரரிடம் முன்பணம் கொடுத்தாயிற்றா?

ஜெனிட்டா: சித்தி, அவன் என்ன களவா செய்தான்?

அருள் சித்தப்பா: மதுரையில் எங்கள் வீட்டில் தங்கட்டும். தோப்புக் கணக்கை இதில் கலக்காதீர்கள்.

சூசை பெரியப்பா: தோப்பைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?

ரீத்தா அத்தை: அண்ணா!

ஜெரோம்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

ஜெரோம்: நங்கூரக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியே கடலுக்குப் போகும் நேரம் தவறுகிறது. சோப்பில் ஊறி விரலிடுக்கு எல்லாம் வெடித்துவிட்டது. உப்புத்தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. நான் மதுரைக்குப் போகிறேன்.

மரியான் சித்தப்பா: போ தம்பி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. அதற்குள் முடிந்துவிடும்.

ஜெனிட்டா: ஜெரோம், ஒன்று தெரிந்துகொள். தூண்டுவதற்கு முன் உனக்குப் பதற்றம் தருவதை வேண்டுமென்றே நினைக்கவோ தொடவோ வைப்பார்கள். அந்த எண்ணம் ஓடும்போதே தூண்ட வேண்டும் என்பதுதான் முறை. எல்லாருக்கும் கேட்காது. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் நூற்றுக்கு 38 பேருக்கு நோய் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, தூண்டாத போலிச் சுருள் வைத்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

ஜெரோம்: 38 போதும் அக்கா.

ரீத்தா அத்தை: துணைக்கு யார் போவது? இன்ஷூரன்ஸில் பணம் வருமா?

ஜெனிட்டா: மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. இந்தச் சிகிச்சைக்குக் கிடைக்குமா என்று பாலிசியைப் பார்த்தால்தான் தெரியும். படம் எடுத்து அனுப்புங்கள்.

மரியான் சித்தப்பா: பாலிசி அண்ணன் பீரோவில்.

சூசை பெரியப்பா: சாவி ஸ்டெல்லாவிடம்.

ஸ்டெல்லா சித்தி: என்னிடம் எங்கே இருக்கிறது? ஈஸ்டருக்கே கொடுத்துவிட்டேன்.

அருள் சித்தப்பா: சாவி கிடைக்கட்டும். ஜெரோம், ஞாயிறு மாலையே வந்துவிடு. மாடி அறையைக் கழுவிவிடச் சொல்கிறேன்.